முதல் தடவை இண்டி ராக் பேண்ட் பார்க்க எங்கே போகலாம்?

அக்கா மகன் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். திருநெல்வேலிப் பையன். காதில் ஹெட்போன் இல்லாமல் அவனை நான் பார்த்ததே கிடையாது. போன வாரம் போன் செய்து, "சித்தி, ஒரு இண்டி பேண்டயாவது நேர்ல பாத்துரணும். ஆயிரத்தைந்நூறு ரூவா சேத்து வச்சிருக்கேன். எங்க போனா நல்லாருக்கும்?" என்றான். நான் இருபது வருஷமாக இதற்கென்றே ஊர் சுற்றுகிறவள் என்று அவன் அம்மா போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவன் ஏதாவது ஒரு பேண்டின் பெயரைச் சொல்லியிருந்தால் சுலபம், அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று பார்த்துச் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது இடம். கேள்வியும் சரியானதுதான். ஒரே பேண்டை, ஏறக்குறைய அதே பாட்டு வரிசையோடு, பப்பிலும் அரங்கத்திலும் மைதானத்திலும் பார்த்திருக்கிறேன். மூன்று இடத்திலும் மூன்று வேறு பேண்டுகளைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. பப்பில் அவர்கள் சத்தம், மைதானத்தில் திருவிழா, அரங்கத்தில்தான் பாட்டு.

இண்டி என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிவிடலாம். சினிமாவுக்காகச் செய்யாத, தாங்களே எழுதித் தாங்களே காசு போட்டு வெளியிடுகிற பாட்டு. சுயாதீன இசை என்று இப்போது எழுதுகிறார்கள். மற்ற ஊர்களில் இண்டி ராக் என்றால் ஒரு மாதிரியான கிடார் ஓசை நினைவுக்கு வரும். நம் ஊரில் சினிமாப் பாட்டு இல்லை என்றாலே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். 2006-இல் தொடங்கிய ஸ்க்ராட், 2012-இல் தொடங்கிய தி எஃப்16ஸ் இரண்டும் சென்னையின் பிள்ளைகள், பாட்டு ஆங்கிலத்தில். கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து நடத்திய குரங்கன் தமிழில் பாடியது. பெங்களூரிலிருந்து அகமும், 1996-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் தெர்மல் அண்ட் எ குவார்ட்டரும். கேரளத்திலிருந்து அவியல், தைக்குடம் பிரிட்ஜ், வென் சாய் மெட் டோஸ்ட். டெல்லியின் இந்தியன் ஓஷன் 1990-இல் ஆரம்பித்தது. அவர்களைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்னை மாதிரி நரை வந்தாயிற்று.

சரி, பப்பிலிருந்து தொடங்கலாம். பேண்ட் பார்க்கப் போகிறேன் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

பப்பின் ஒரே பெருமை, அருகாமை. மேடை முழங்கால் உயரம்கூட இருக்காது. சில இடங்களில் மேடையே கிடையாது, மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு ஒரு ஜமக்காளம் விரித்திருப்பார்கள். டிரம்ஸ் வழுக்கிக்கொண்டு முன்னால் போகாமலிருக்கத்தான் ஜமக்காளம். ஆறடி தூரத்தில் நின்றால், கிடார்காரர் பாட்டுக்கு நடுவில் காலால் எந்தப் பெடலை மிதிக்கிறார், மிதித்ததும் ஓசை எப்படி முள் முளைத்து மாறுகிறது என்பதெல்லாம் தெரியும். பேஸ் கிடார் காதுக்கு வருவதற்கு முன் செருப்பு வழியாக ஏறும். ஹெட்போனில் பத்து வருஷம் கேட்டாலும் அது கிடைக்காது.

ஆனால் பப் என்பது பாட்டு கேட்கக் கட்டிய இடமில்லை. சென்னையில் பப்புகள் ஏன் ஹோட்டலுக்குள்ளேயே இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? மது பரிமாறும் எஃப்.எல்.3 உரிமம் நட்சத்திர ஹோட்டல்களைச் சுற்றியே வகுத்தது. தெருமுனையில் ஒரு சின்னக் கடையைப் பிடித்து, நாலு ஸ்பீக்கர் வைத்து, பேண்டை ஆடவிட்டு, பீர் விற்றுப் பிழைப்பது இங்கே நடக்காத காரியம். ஹோட்டல் வாடகையில் நடக்கிற இடத்துக்கு மேசைக்கு மேசை பில் ஏறினால்தான் கட்டும். பேண்ட் அதற்குத் தூண்டில். உள்ளே நுழையக் கவர் சார்ஜ் ஆயிரம் ரூபாய், அதை அப்படியே சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். கழித்துப் பார்த்தேன்: ஒரு தட்டு ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ், இரண்டு லெமன் சோடா, மேலே கையிலிருந்து நூற்றுச் சொச்சம். இதில் பேண்டுக்கு எவ்வளவு போனது என்பது அவரவர் பேசிக்கொண்ட பேரத்தைப் பொறுத்தது.

ஒரு ஐ.பி.எல். இரவை மறக்க முடியாது. பெயர் வேண்டாம், நகரின் நடுவில் ஒரு ஹோட்டல் பார். மூன்று பேர் பேண்ட். அவர்களுக்குப் பின்னால் சுவர் நிறையத் திரை, அதில் சத்தம் இல்லாமல் மேட்ச். திரையை அணைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்; வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. மூன்றாவது பாட்டு மெதுவான பாட்டு. டிரம்ஸ் நின்று, கிடார் ஒற்றை நரம்பில் இழைந்து, பாடகி கண்ணை மூடிக்கொண்டு குரலை எடுக்கும் நேரம், கூட்டம் மொத்தமும் எழுந்து கையைத் தூக்கி ஆர்ப்பரித்தது. சிக்ஸர். பாடகி கண்ணைத் திறந்து, திரும்பி ஸ்கோரைப் பார்த்துவிட்டு, "நல்ல ஷாட்" என்று மைக்கில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினார். அந்தப் பெண்ணின் பொறுமைக்கு அன்றைக்குக் காசு கொடுத்தால் தகும். கடைசியில் நாலு மேசை தள்ளி ஒருவர், "ஒரு ராஜா பாட்டு!" என்று கத்தினார். அதையும் வாசித்தார்கள். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

எல்லா இரவும் இப்படி இல்லை. செவ்வாய், புதன் என்று கூட்டம் இல்லாத நாளில் போனால் நாற்பது பேர் நாற்பது பேரும் பாட்டு கேட்க வந்தவர்களாக அமைவதுண்டு. ஆனால் என் அக்கா மகனுக்கு இந்த வழி இப்போதைக்கு அடைப்பு. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது, அதனால் வாசலிலேயே ஆதார் கேட்பார்கள். அவனுக்கு 19. எனக்கு லெமன் சோடா போதும் என்றாலும் பவுன்சருக்கு அந்தக் கதையெல்லாம் தேவையில்லை. 21 ஆனாலும் இன்னொரு சங்கடம் இருக்கிறது: தனியாக வரும் ஆண்களை ஸ்டாக் என்று சொல்லி, சில இடங்களில் உள்ளே விடமாட்டார்கள், சில இடங்களில் இரட்டிப்பு வாங்குவார்கள். எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. பெண்கள் தனியாகப் போனால் வரவேற்பு பலமாகத்தான் இருக்கும். ஏன் என்று யோசித்தால் கொஞ்சம் கசக்கும், வேண்டாம்.

அடுத்து அரங்கம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட் பக்கம் கோத்தே இன்ஸ்டிடியூட், சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் லேடி ஆண்டாள் பள்ளி வளாகத்தில் இருக்கும் சர் முத்தா வெங்கடசுப்பராவ் கச்சேரி அரங்கம். இவை தவிர நாடகமும் நின்று சிரிக்கவைக்கும் காமெடியும் நடக்கிற சின்னச் சின்னக் கூடங்கள் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, அடையாறு பக்கம் முளைப்பதும் மூடுவதுமாக இருக்கின்றன. மது கிடையாது, ஆகவே வயது கிடையாது. ஏழு மணி என்று போட்டால் ஏழேகாலுக்குத் தொடங்குவார்கள். பப்பில் எட்டு என்றால் ஒன்பதரை.

டிக்கெட் பெரும்பாலும் 499 ரூபாய் இருக்கும். செருப்புக் கடை விலை மாதிரி இதென்ன 499 என்று நான் ரொம்ப நாள் சிரித்திருக்கிறேன். காரணம் வரி. இசை நிகழ்ச்சி நுழைவுக் கட்டணம் ஒரு ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. கிடையாது, அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. 550 என்று வைத்தால் வாங்குகிறவர் 649 கொடுக்க வேண்டும், பேண்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 51 ரூபாய்தான். அதனால் சின்ன நிகழ்ச்சிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொள்கின்றன. அவன் கையிலிருக்கும் ஆயிரத்தைந்நூறுக்கு மூன்று டிக்கெட் வரும். அல்லது ஒரு டிக்கெட், ஒரு டி-ஷர்ட், முடிந்ததும் இரண்டு பரோட்டா.

சத்தத்தின் கதையும் இங்கே வேறு. பேசுவது பின்வரிசை வரை கேட்க வேண்டும் என்று கட்டிய கூடம், சுவரில் துணியோ மரமோ பதித்திருக்கும். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று சொல் சொல்லாகக் காதில் விழும். தமிழில் பாடும் பேண்டுகளுக்கு இது உயிர் விஷயம். குரங்கன் பாட்டுகளின் கிண்டல் வரிகள் புரியாமல் வெறும் தாளத்துக்குத் தலையாட்டினால் பாதி நிகழ்ச்சி போச்சு.

எங்கே உட்காருவது என்று கேட்பான். எல்லோரும் முதல் வரிசைக்கு ஓடுவார்கள். நான் சவுண்ட் எஞ்சினியரின் மேசையைத் தேடிப் போய் அதற்கு முன்னால் உட்காருவேன். அவர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் கலக்குகிறார். அவர் காது இருக்கும் இடத்தில் நம் காதும் இருந்தால் வேறு என்ன வேண்டும்? மூலைகள் ஆகாது, பேஸ் ஓசை மூலையில் போய்த் தேங்கி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். முதல் வரிசையில் டிரம்ஸ் நேராக அறையும், பாட்டுக் குரலோ இரண்டு பக்க ஸ்பீக்கரிலிருந்தும் நம் தலையைத் தாண்டிப் போய்விடும். இன்னொன்று, முதல் இரண்டு பாட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சவுண்ட் செக் செய்தபோது கூடம் காலி. ஆள் வந்து நிறைந்ததும் நம் உடம்பும் துணியும் கூரான ஓசையைக் குடித்துவிடும், அவர் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். மூன்றாவது பாட்டிலிருந்துதான் கச்சேரி.

குறை இல்லாமல் இல்லை. ராக் என்பது நிற்கிறவர்களின் சங்கீதம். மெத்தை நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு முன்னால் ஒருவர் கிடாரைத் தூக்கித் துள்ளுவதைப் பார்க்கும்போது ஏதோ பரீட்சைக்கு மேற்பார்வை செய்வது போல இருக்கும். நம் ஊர்க் கூட்டத்துக்கு வேறொரு பழக்கம், கை தானாகத் தொடைக்குப் போய்விடும். ஒருமுறை எனக்கு முன்வரிசையில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், டிரம்மரின் அப்பாவாக இருக்க வேண்டும், நீளமான டிரம்ஸ் தனிக்கு விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அது ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ஓடியது. முடிந்ததும் திரும்பி என்னிடம், "மிஸ்ர சாபு. நல்லா வெச்சான்" என்றார். பப்பில் இந்தப் பெரியவர் கிடைக்கமாட்டார்.

அரங்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம். பப்பில் அடுத்து டி.ஜே. ஆரம்பித்துவிடுவார், பேண்ட் பின்கதவு வழியாகக் காணாமல் போகும். அரங்கத்தில் அவர்களே உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் கிடார் பெட்டி திறந்திருக்கும், மூடியில் டி-ஷர்ட்டுக்கான க்யூ.ஆர். கோடு. போய்ப் பேசலாம். "அந்த இரண்டாவது பாட்டில் கடைசியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார்கள். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கே கிடைக்கும்?

இலவச மைதானம். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன், என் வாழ்க்கையின் மிகச் சிறந்த இரவுகளில் ஒன்றிரண்டு அங்கேதான் நடந்தவை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து கூட்டிய பேண்ட். அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்ற பேரிலிருந்து எடுத்த பெயர். ஒரே மாதிரி கோட் சூட் போட்டுக்கொண்டு பத்தொன்பது பேர். கானாவுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிடார், அதற்குப் பக்கத்தில் பறை, சட்டி மேளம். அந்தக் கூட்டத்தில் நின்ற யாரும் அது ராக்கா இல்லையா என்று கேட்டிருக்கமாட்டார்கள். கட்டணம் கிடையாது. டிக்கெட் வாங்கி, இருக்கை எண் பார்த்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பாட்டுகளுக்கு அந்த வேகம் வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதே நீலம் 2020-இலிருந்து டிசம்பரில் மார்கழியில் மக்களிசை நடத்துகிறது. அதில் ஒப்பாரி, பறை, கானா, ராப் எல்லாம் வரும், ராக் கொஞ்சம்தான். ஜூன் 21 உலக இசை நாள். 1982-இல் பிரான்ஸில் தொடங்கிய வழக்கம் என்பதால் அதையொட்டி அலியான்ஸ் பிரான்சேஸில் புதுப் பேண்டுகள் வரிசையாக வாசிக்கும். அதுவும் இலவசம்.

மைதானத்தின் தொல்லைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: கழிவறை, மழை, ஜெனரேட்டர். தெரியாதது ஒன்று, காற்று. கடல் காற்று மாறி அடித்தால் பாடகர் குரல் ஒரு நொடி பக்கத்தில், ஒரு நொடி அடுத்த தெருவில். நேரம் இன்னொன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருஷத்தில் சில நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். மூடிய அரங்கத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் மைதானத்தில் ஆறு மணிக்கு என்று போட்டதை ஏழரைக்கு ஆரம்பித்து, பேச்சும் பொன்னாடையும் முடிந்து, நாம் பார்க்க வந்த பேண்ட் மேடையேறும்போது மணி ஒன்பதேகால் ஆகியிருக்கும். நாற்பத்தைந்தே நிமிடம். ஒன்பது ஐம்பதுக்கு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றதும் பாடகர், "கடைசிப் பாட்டு, கொஞ்சம் வேகமா" என்பார்.

பெண்கள் தனியாகப் போவது பற்றிக் கேட்பவர்களுக்கு: இங்கேயும் நான் சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். அங்கே தடுப்புக் கம்பி இருக்கும், வெளிச்சம் இருக்கும், நிகழ்ச்சி நடத்துகிறவர்களில் யாராவது இருப்பார்கள். நல்ல சத்தமும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

கல்லூரி விழாக்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஐ.ஐ.டி. சென்னையின் சாரங் ஜனவரியில் நடக்கும். அங்கே திறந்தவெளி அரங்கின் சிமெண்ட் படிகளில் உட்கார்ந்து பார்த்த ராக் இரவுகளை என் வயதுக்காரர்கள் இன்னும் பேசுவார்கள். 2009-இல் ஸ்வீடனின் ஓபெத் இந்தியாவில் முதல் தடவை வாசித்தது அங்கேதான். பேண்ட் போட்டிகளும் உண்டு. இருபது இருபது நிமிடமாக எட்டுப் பேண்ட் பார்க்கலாம், அதில் ஆறு சுமார், ஒன்று மோசம், ஒன்று ஐந்து வருஷம் கழித்துப் பெயர் வாங்கும். ஆனால் அது வருஷத்தில் சில நாட்கள். மற்ற கல்லூரிகளில் இப்போது கலை இரவு என்றால் சினிமாப் பாடகரோ டி.ஜே.வோதான் வருகிறார். மாணவனாக இருக்கும்போது பதிவு செய்துகொண்டு போய்வருவது நல்லது, அதையே நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பெங்களூர். இதைச் சொன்னால் சென்னைக்காரர்களுக்குக் கோபம் வரும், ஆனால் எண்ணிக்கையில் அந்த ஊரோடு நாம் போட்டி போட முடியாது. வார இறுதி ஒன்றில் கோரமங்களா, இந்திராநகர், ஒயிட்ஃபீல்ட் என்று நாலைந்து இடத்தில் சொந்தப் பாட்டு வாசிக்கும் பேண்ட் இருக்கும். கோரமங்களாவின் ஃபேண்டம் மாதிரி நின்று பார்க்கவென்றே அமைத்த கூடங்கள் உண்டு. பின்னால் மேட்ச் ஓடாது. வருகிற கூட்டத்துக்குப் பாட்டு மனப்பாடம். கவர் பாட்டு, அதாவது அடுத்தவர் பாட்டு, கேட்டுக் கத்தினால் பக்கத்தில் நிற்கிறவர் முறைப்பார்.

அங்கேயும் நிலைமை கெட்டியானது என்று சொல்ல முடியாது. பொது நிகழ்ச்சிகளுக்கு உரிமம் வேண்டும் என்ற 2005-ஆம் ஆண்டு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் சரி என்று சொன்னதும், அந்த வருஷம் பல பப்புகளில் நேரடி இசை நின்றுபோனது. ஊருக்கே பெயர் வாங்கித் தந்த இந்திராநகர் ஹம்மிங் ட்ரீ 2019-இல் மூடப்பட்டது. போன தடவை போன இடம் இந்தத் தடவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

செலவுக் கணக்கு எப்படி வரும்? ஸ்லீப்பர் வகுப்பில் போகச் சுமார் முந்நூறு. நிகழ்ச்சிக்கு ஐந்நூறிலிருந்து எண்ணூறு. திரும்பி வருவதில்தான் சிக்கல். பெங்களூர் மெயில் அங்கிருந்து இரவு பத்தரை மணிக்கு மேல் கிளம்பும், பேண்ட் அப்போதுதான் சூடுபிடித்திருக்கும். நான் ஒரு தடவை கடைசி மூன்று பாட்டை விட்டுவிட்டு ஆட்டோவில் ரயிலுக்கு ஓடி, மறுநாள் காலை நண்பர்கள் அனுப்பிய வீடியோவில் அந்த மூன்று பாட்டையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அதிலிருந்து கற்றது: கோரமங்களா நிகழ்ச்சியாகப் பார்த்துப் போவது, முடிந்ததும் பக்கத்திலிருக்கும் மடிவாளாவில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் ஆம்னி பஸ்ஸைப் பிடிப்பது. அறை வாடகை மிச்சம். சனிக்கிழமை பஸ் கட்டணம் ஏறியிருக்கும், எப்படிப் பார்த்தாலும் இரண்டாயிரம் கையில் வேண்டும். அங்கேயும் வாசலில் வயது கேட்பார்கள். ஆக, இதுவும் அவனுக்கு இரண்டு வருஷம் தள்ளித்தான்.

புனேயில் 2010-இல் தொடங்கிய என்.எச்.7 வீக்கெண்டர், அருணாசலத்தில் 2012-இல் தொடங்கிய சீரோ விழா என்று பெரிய இசை விழாக்களின் பெயர்களையும் அவன் கேட்டிருக்கிறான். முதல் பேண்டைப் பார்க்கவே அருணாசலம் போவது, தோசை சாப்பிட உடுப்பிக்குப் போவது மாதிரி. போகலாம், சம்பளம் வாங்கிய பிறகு.

எந்த இடத்துக்குப் போனாலும் காதைப் பற்றி ஒரு வார்த்தை, சித்தி என்ற முறையில். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். இசைக் கூடங்களில் கால் மணி நேரச் சராசரி 100-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லியிருக்கிறது; எந்த பப்பிலும் அதை யாரும் அளந்து நான் பார்த்ததில்லை. மெடிக்கல் ஷாப்பில் பஞ்சு மாதிரி அமுக்கிச் செருகும் இயர் பிளக் கிடைக்கும். போட்டால் பாட்டு கேட்காது என்று நினைக்கிறார்கள். நன்றாகக் கேட்கும், கூச்சல்தான் குறையும். என் இடது காதில் இரவு எல்லாம் அடங்கிய பிறகு ஒரு மெல்லிய விசில் கேட்கும். அது இருபது வயதில் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று சம்பாதித்தது.

நேற்று அவனை அழைத்து அரங்கம் என்று சொல்லிவிட்டேன். குரலில் சுரத்து குறைந்தது. "உக்காந்துட்டா சித்தி பாக்கணும்?" என்றான். "பின்வரிசைக்குப் பின்னால இடம் இருக்கும், அங்க நின்னு ஆடு, யாரும் கேக்கமாட்டாங்க" என்றேன். கொஞ்சம் சமாதானமானான். பிடித்துப்போனால் ஜூன் மாதம் இலவச நிகழ்ச்சிக்கு அவனே நண்பர்களோடு போகட்டும், அதற்கு நான் எதற்கு?

499 வீதம் இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. சனிக்கிழமை, ஏழு மணி. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் வந்துவிடுவான், அங்கிருந்து ஆட்டோ. பத்தரைக்கு மேலும் தாம்பரத்துக்கு ரயில் உண்டு, விடுதி வார்டனிடம் மட்டும் அவன் அம்மா பேச வேண்டும். இன்று காலை ஒரு குறுஞ்செய்தி: "சித்தி, கறுப்பு டி-ஷர்ட்தான் போடணுமா?"

துவைத்ததைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.